முதன்முதலில் குதித்தவர்

பாராட்டு விழா மேடையில் உட்கார்ந்திருந்த ஸ்பிரிங், முதல் வரிசையில் தங்கையைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நன்றாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார். இவளுக்கு யார் அழைப்பிதழ் கொடுத்தது?

பாஸ்கெட்பால் கிளப் செயலாளர் மைக்கைப் பிடித்து அவரை ஏகத்துக்கும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல பாஸ்கெட்பால்னா ரெண்டு காலையும் தரையில ஊனி, ரெண்டு கையால நெஞ்சுலேர்ந்து பந்தைத் தள்ளுவாங்க. நம்ம ஊர்ல முதன்முதலா எம்பிக் குதிச்சு, அந்தரத்துல இருந்தபடியே எறிஞ்சவர் சார்தான். அதான் ஸ்பிரிங்னு பேரு! யாரும் சொல்லிக் குடுக்கல, அவரே கண்டுபிடிச்சது. அவரோட தங்கச்சியையும் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கோம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் சிமெண்ட் தரை, நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் உச்சி வெயில். தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அண்ணன் மலை மாதிரி மறித்து நிற்க, அந்தச் சுண்டைக்காய் ஒரு எம்பு எம்பி, அவர் தலைக்கு மேலாகப் பந்தைக் கூடைக்குள் போட்டாள். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை.

மறுவாரமே அதை மைதானத்தில் செய்துகாட்டி அவர் பேர் வாங்கிவிட்டார். எங்கே உளறிவிடுவாளோ என்று, அதற்கப்புறம் நாற்பது வருஷமாக ஒரு மேட்சுக்குக்கூட அவளைக் கூப்பிட்டதில்லை. கூடப்பிறந்தவளை அப்படி ஒதுக்கி வைத்ததை நினைக்க இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

கேடயத்தைக் கையில் கொடுத்து மைக்கை நீட்டினார்கள். நாலு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். ஆனால் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டுவது கண்ணில் பட்டது.

"இது என்னோடது இல்லீங்க, திருடினது," என்றார். "என் தங்கச்சி கண்டுபிடிச்சதை என்னோடதுன்னு இத்தனை வருஷம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பாப்பா, மேல வா. இது உனக்குத்தான் சேரணும்."

அரங்கமே எழுந்து நின்றது. "மனுஷன்னா இவருதான்யா!" என்று யாரோ ஒருவர் கத்தினார். அந்தப் பாராட்டு வேறு அவரைக் கூனிக் குறுக வைத்தது.

தங்கை முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். கேடயத்தை வாங்கிக்கொள்ளவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"நான் எங்க கண்டுபிடிச்சேன்ணா? அப்பா நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்கின ஷூவை நீ ஒரு நாளாவது கழட்டிக் குடுத்தியா?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"தரை சுட்டுச்சுண்ணா, அதான் குதிச்சேன்."