வேலியில் காய்ந்த ஷூ

"ஐயோ, ஷூவக் காணல்லியே!"

சரோஜத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலியில் காயப்போட்ட ஜோடி ஷூ, அவள் உலை வைத்துவிட்டு வருவதற்குள் மாயமாகியிருந்தது. பக்கத்தில் வைத்த சாயச் சட்டியும் போன இடம் தெரியவில்லை.

அவள் கணவர் பொன்னையன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஊரிலேயே வெள்ளை கேன்வாஸ் ஷூ போடுகிற ஒரே மனுஷர். வினையும் அங்கேதான் வந்தது.

திருவிதாங்கூரை விட்டுப் பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று முந்தாநாள் நடந்த ஊர்வலத்தில் தடியடி. முன்னால் கொடி பிடித்துப் போனவனின் முகம் போலீஸ் யாருக்கும் நினைவில்லை. அவன் போட்டிருந்த வெள்ளை ஷூ மட்டும் நன்றாக நினைவிருந்தது.

'காலையில் ஷூவோடு ஸ்டேஷனுக்கு வரணும்' என்று மாஸ்டருக்கு உத்தரவு. ஷூ இல்லாமல் போனால் ஒளித்துவிட்டான் என்பார்கள். வெள்ளை ஷூவோடு போனால் எலும்பு மிஞ்சாது.

பாலராமபுரத்துத் தறிக்காரத் தங்கச்சி எப்போதோ கொடுத்த கறுப்புச் சாயப்பொடி சரோஜத்தின் கைவசம் இருந்தது. விடிந்தும் விடியாமலும் அதை உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, பழந்துணியால் ஷூ முழுக்கப் பூசினாள். 'என் ஷூ கறுப்பாக்கும்' என்று அவர் நீட்டிவிட்டால் தலைக்கு வந்தது போய்விடும்.

"ஆரு எடுத்திருப்பா?" பொன்னையன் வேலியடியில் குனிந்து தேடினார்.

"வேற ஆரு? அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மதான். நான் சாயம் பூசும்போ வேலிக்கு மேல எட்டிப் பாத்தா. ஒரு வார்த்தை மிண்டல்லே. கெட்டினவன் போலீசுல்லா!"

கிருஷ்ணம்மாவின் கணவர் சதாசிவன் அதே ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். மலையாளக் குடும்பம். தடியடி நடந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"சட்டியையும் சேத்துல்லா கொண்டு போயிருக்கா. சாட்சி காட்டவாக்கும்!"

"வம்புக்குப் போவாத சரோஜம்…"

அவள் கேட்டால்தானே? போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"எடீ கிருஷ்ணம்மா! உன் பேறுகாலத்துக்கு வெந்நி வச்சுத் தந்த கையாக்கும் இது. எம் மாப்பிளைய அடிச்சுக் கொல்லவா ஷூவத் தூக்கிட்டுப் போன? நீயெல்லாம் ஒரு பொம்பளையாடீ?"

கதவு பாதி திறந்தது. கிருஷ்ணம்மா நின்றாள். சரோஜத்தின் கையைப் போலவே அவள் கையும் மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. அதில் ஒரு ஷூ.

"ஒச்ச வைக்கல்லே சரோஜமே, மெதுவாப் பேசு, ஆரெங்கிலும் கேக்கும்!" என்று பல்லைக் கடித்தாள். "நாடாவ அவுக்காம சாயம் பூசினா எப்படி? அடியில உள்ள துணி நாக்கு வெளுவெளான்னு கிடந்தது. ஸ்டேஷன்ல முதல்ல அதையாக்கும் இழுத்துப் பாப்பாங்க. அதான் அவுத்துப் பூசினேன்."

திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து சரோஜத்தையே அறைந்தது.

"நாக்கப் பாப்பாங்கன்னு… உனக்கு ஆரு சொன்னா?"

கிருஷ்ணம்மா சற்று ஒதுங்கி நின்றாள்.

உள்ளே அடுப்படியில், ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட காக்கி உடுப்போடு குத்தவைத்து உட்கார்ந்து, இன்னொரு ஷூவைக் கனலில் காட்டி விசிறிக்கொண்டிருந்தார் கான்ஸ்டபிள் சதாசிவன்.