கறிவேப்பிலை வருமானம்

புதுச் சட்டப்படி, யார் எதை இலவசமாகக் கொடுத்தாலும் அது வருமானம்தான். வாசற்கதவே பார்த்து வரிக்கணக்கில் பதிந்துவிடும். பக்கத்து வீட்டார் கொடுத்த கறிவேப்பிலைக்கு எஸ்தர் நான்கு முறை கணக்குக் காட்டியும், விளக்கம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார் வரி அதிகாரி தணிகாசலம்.

அதே தணிகாசலம் எதிர் ஃபிளாட்டுக்குக் குடிவந்தார். சட்டம் அவருக்கும்தானே? எஸ்தர் முதல் நாளே பாயசம் கொடுத்தாள். மறுநாள் முருங்கைக்காய். அப்புறம் மீன்குழம்பு, அதிரசம். வாங்காமல் திருப்பினால் அதற்கும் தனியாக விளக்கம் எழுத வேண்டும் என்பதால் அவர் வாங்கிக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதத்தில் கண்ணெல்லாம் சிவந்து, அவரே வந்து நின்றார்.

"அக்கா, போதும்க்கா. பாயசத்துல கெடந்த முந்திரிக்கே இன்னும் விளக்கம் எழுதிக்கிட்டிருக்கேன்."

"அய்யய்யோ, வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடயா அனுப்புறது?"

எஸ்தர் ஓர் எலுமிச்சம்பழத்தை அவர் கையில் திணித்தாள்.

"தணிகாசலம், வருமானம் ஒன்று," என்றது கதவு.