ரெண்டாங்குரல் மேடு

மலை சரிந்து வீட்டை மூடிய காலையில்தான் அந்த இடத்துக்கு ரெண்டாங்குரல் மேடு என்று பேர் வந்தது. சேற்றுக்கடியிலிருந்து சடையன் தன் பெண்டாட்டியை “செல்லாயீ” என்று கூப்பிட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. ஆனால் ஒரு மண்வெட்டியும் அசையவில்லை.

“ஒத்தக்குரலு பேயிதான் குடுக்கும். மனுசன்னா மறுக்கா கூப்புடுவான், பொறு புள்ள,” என்றான் சடையனின் அண்ணன்.

“மறுக்கா கூப்புட மூச்சு வேணுமே மாமா!”

செல்லாயி மூடுபனிக்குள் ஓடினாள். ஒரு பாறைக்குப் பின்னால் நின்று, ஆண்குரலில் தன் பெயரையே கூவினாள்.

“கேட்டுச்சு!” ஆட்கள் பாய்ந்து வந்து பாறையடியில் வெட்டத் தொடங்கினார்கள்.

“இங்க இல்ல, அங்க!” என்று வீடு புதைந்த பக்கம் கைகாட்டிக் கதறினாள் செல்லாயி.

“மறுகுரலு இங்கதான வந்துச்சு?”

கூப்பிட்டது நான்தான் என்று சொன்னால் எல்லா மண்வெட்டியும் நின்றுவிடும். சொல்லாவிட்டால் இங்கேயேதான் வெட்டும்.