நீல மூடி டப்பா

"ரிப்போர்ட் எங்கம்மா?" என்று டாக்டரம்மா கேட்டதும் நான் என் அண்ணன் வீரையனைப் பார்த்தேன். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.



என் மடியில் ஒயர்கூடை. அதற்குள் டாக்டரம்மாவுக்கென்று குத்தாலத்திலிருந்து கொண்டுவந்த புது உளுந்து. என் வீட்டுக்காரரை எமனிடமிருந்து பிடுங்கிக் கொடுத்த மகராசியைப் பார்க்க வெறுங்கையோடா வருவது?

மூன்று மாதமாக அவருக்குத் தண்ணீர்கூடச் சரியாக இறங்கவில்லை. உணவுக்குழாயில் புற்று. பதினைந்து நாளுக்கு முன்னால் பாதிக் குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்திருக்கிறார்கள்.

இன்றைக்குக் காலையில் அரை இட்லி இறங்கியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனுசன்.

"வெட்டி எடுத்ததை லேப்ல குடுக்கச் சொல்லி உங்க கையிலதானே குடுத்தனுப்பினோம்?" டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அந்தத் துண்டோட ரெண்டு ஓரமும் சுத்தமா இருந்தா தைரியமா இருக்கலாம். ஓரத்துல நோய் இருந்தா உள்ளேயும் மிச்சம் இருக்கலாம், மறுபடி வரும். அதைப் பாத்துத்தான் மேல் வைத்தியம். என் கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இதுல கண்ணை நம்ப முடியாதும்மா."

"புதைச்சிட்டேங்க," என்றார் அண்ணன்.



"என்னது?"

"மாடு கன்னு போட்டா அந்த நஞ்சுக்கொடியைக்கூட வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுறோங்க. கண்ட இடத்துல போடுறதில்ல. இது மச்சான் உடம்புங்க. ஆள் உசுரோட இருக்கையில யாரோ கூறுபோட்டுப் பாக்கவா விட்டுட்டு வர்றது? நோயத்தான் எடுத்தாச்சே, இனிமே அதுல பாக்க என்ன இருக்குன்னு... வயல் மூலையில, மரியாதையாத்தாங்க புதைச்சேன்."

அடப் பாவி அண்ணே! அன்றைக்கு ஆபரேஷன் அறை வாசலில் நான் மயங்கிக் கிடந்தேன். எழுந்ததும் முதலில் கேட்டது, லேப்பில் கொடுத்தாச்சா என்றுதான். "எல்லாம் ஆச்சு, நீ கம்முனு இரு" என்று சொன்ன வாய்தானே இது?

அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

டாக்டரம்மா சட்டென்று எழுந்தார். முகத்தில் ஏதோ வெளிச்சம்.

"டப்பாவோடயா புதைச்சீங்க?"

அண்ணன் விழித்தார்.

"வெள்ளை டப்பா, நீல மூடி. உள்ள மருந்துத் தண்ணி இருக்கும். மூடியத் திறக்காமப் புதைச்சிருந்தா பதினஞ்சு நாள் என்ன, ஒரு மாசம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது. இப்பவே ஊருக்கு போன் போட்டுத் தோண்டச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள லேப்ல சேத்துடலாம். சொல்லுங்க ஐயா, டப்பாவோடதானே?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். டாக்டரம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னை யாரும் பார்க்கவில்லை.

போன வாரம் எங்கள் வயல் பம்புசெட்டில் துணி துவைக்கப் போனபோது, தொட்டி ஓரத்தில் ஒரு டப்பா அலசிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்திலேயே மூடி. வாயகன்ற, கெட்டியான டப்பா. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பூச்சி அண்டாமல் எதையாவது போட்டுவைக்கலாம் என்று நான்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன்.

என் கை கூடைக்குள் போனது.

டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். நீல மூடி. உள்ளே கழுத்துவரை உளுந்து.

"உங்களுக்குத்தாம்மா கொண்டாந்தேன்," என்றேன்.

டாக்டரம்மா டப்பாவை மெல்லத் திருப்பினார். எத்தனை சுரண்டியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத்தில் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.

அவர் அதை வாய்விட்டுப் படித்தார்.

"துரைராசு."

வெளியே பெஞ்சிலிருந்து, "இந்தா வந்துட்டேன் டாக்டரம்மா!" என்று என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.