பதினோரு கிலோ

“அப்பா, உன் தொப்பை கரைஞ்சாதான் எனக்கு ஈரல் தர முடியுமா?” என்று ஆறு வயது மகள் ஒருநாள் கேட்டாள். கொழுப்பு படிந்த ஈரலை வெட்டித் தர முடியாது என்று மருத்துவர் சொன்ன நாள் அது. மூன்று மாதத்தில் அப்பா பதினோரு கிலோ குறைத்துவிட்டார், மகள்தான் காத்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் காலையில், பழகிய கால்கள் அவரை உடற்பயிற்சிக் கூடத்துக்கே கூட்டி வந்திருக்கின்றன. சுவர்க் கண்ணாடியில் வெயில் விழுகிறது. இறுகிய தன் தோள்களை யாருடையவோ போல அவர் பார்க்கிறார். பயிற்சியாளன் டீயை நீட்டுகிறான். “குடிங்கண்ணே, சர்க்கரை போட்டிருக்கேன். இனிமே யாருக்காக...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். “ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு என்னை என்ன பாடு படுத்துனீங்க!” என்று சிரிக்கப் பார்க்கிறான்; முடியாமல் முகம் கழுவ உள்ளே போகிறான். கனவிலும் வந்து கெஞ்ச வைத்த இனிப்பு இப்போது வாயில் மண்ணாக இருக்கிறது. அவர் டம்ளரைக் கீழே வைக்கிறார். தூக்கியவரே எடைத்தட்டுகளைக் கழற்றி அடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அவர் மருத்துவமனைக்கு ஓடிய நாள்களிலெல்லாம் அவருக்காக அந்தப் பயிற்சியாளப் பிள்ளைதான் வாய் திறக்காமல் அடுக்கினான். கடவுள் அவனை நன்றாக வைக்கட்டும். இன்று யார் யாரோ போட்டுவிட்டுப் போன தட்டுகளை, பெரியது கீழே சிறியது மேலே என்று, சத்தம் எழாமல் அடுக்கி முடித்துவிட்டு அவர் படியிறங்கிப் போகிறார்.