பஸ்லி?

போபோடி சந்தில் இருக்கும் அந்த பங்க்சர் கடையில் கம்ப்ரசர் தடதடக்கிறது. எஸ்தர் சுவிட்சில் கை வைத்தபடி கணவன் பெனிஸ்டனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காற்று ஏறிக்கொண்டிருப்பது பழைய லாரிச் சக்கரம். டயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள ரிம்மைச் சுற்றி ஓர் இரும்பு ரிங். அது காடியில் சரியாக உட்காராவிட்டால் காற்றின் வேகத்தில் தெறித்து ஆளையே அடித்துவிடும். அதைக் கட்டிப்போடும் சங்கிலி ஷட்டர் கொக்கியில் சும்மா தொங்குகிறது. "ரெண்டு நிமிச வேலைக்குச் சங்கிலியா?" என்றவன் சக்கரத்தின்மேல் கவிழ்ந்து, ரிங்கைச் சுத்தியலால் தட்டித் தட்டி உட்காரவைக்கிறான். டீ கிளாஸோடு நிற்கும் லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "பஸ்லி?" என்கிறார். எஸ்தர் சட்டென்று சுவிட்சை அணைக்கிறாள்.

"யாருட்டி நிறுத்தச் சொன்னா?"

"அவருதான பஸ்ன்னாரு, போதும்னு."

"அது பஸ் இல்லட்டி, பஸ்லி. ரிங் உக்காந்துட்டான்னு மராத்தில கேக்காரு." அவருக்குப் பதில் சொல்வதற்காகச் சிரித்தபடியே ரிங்கைப் பார்க்கிறான். சிரிப்பு பாதியில் நிற்கிறது. ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ரிங் தூக்கிக்கொண்டிருக்கிறது. "உக்காரல" என்கிறான். டிரைவர் ஓரடி பின்வாங்குகிறார். கம்ப்ரசர் ஓய்ந்துவிட்டது, ஆனால் ஏறிய காற்று உள்ளேதான் இருக்கிறது. அதை இறக்க வேண்டுமானால் வால்வுக்கு ஒரு கை போயாக வேண்டும். பெனிஸ்டன் சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறான். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டு, இடது கையை நீட்டுகிறான்.