மேஸ்திரி இளைச்ச கதை

"உக்காருங்கப்பா, உக்காருங்க! ஏ நாகேஷு, வாயை மூடு! பொம்பளைங்களா, பேச்சு போதும்!"

ஷிப்ட் முடிஞ்ச நேரம். ஊரிகம் தங்கச் சுரங்கத்துல புதுசா தோண்டற ஷாப்ட் குழி வாசல்ல ஏசுபாதம் மேஸ்திரி பஞ்சாயத்து கூட்டிட்டாரு.

மனுசன் ஒன்றரை மூட்டை ராகி கனம். ஆனா ஒரு மாசமா ஒரே குஷி. "நான் ஏறினா வாளி பஞ்சாட்டம் மேல வருது. இளைச்சிட்டேன்!"னு கூலிக்காரங்க லைன் வீடு பூரா சொல்லிக்கினு திரிஞ்சாரு. பொண்டாட்டி பியாட்ரிஸ் மட்டும் நம்பல. தெறிச்ச பொத்தானைத் தைக்கறது அந்தம்மாதானே!

இன்னிக்கி குத்தவாளி, மேல நின்னு வாளியைக் கவுத்துக் கொட்டற சகாயம்.

"ரெண்டு வாளி, ஒரே ராட்டினம். ஒண்ணு மேல வந்தா இன்னொண்ணு கீழ போவும். கடைசி வாளி காலியாதான கீழ போவணும்? இவன் கல்லை ரொப்பி அனுப்பறான்! தெனம்! நாகேஷு கண்ணால பாத்துட்டான். ஏன்டா, நாளெல்லாம் நாம மேல இழுக்கறோம், நீ திருப்பி அனுப்பறியா? தங்கக்கல்லைக் கீழ பதுக்கறியா?"

"வெறுங்கல்லுதாங்க. கீழ அடுத்த ஷிப்டுக்காரங்க பழைய குழில கொட்டிடறாங்க."

"அப்ப இன்னாத்துக்கு அனுப்பறே?"

சகாயம் தரையைப் பாத்தான்.

"சொல்லு. இல்லன்னா நாளைலேருந்து வேலைக்கு வராதே!"



மேஸ்திரி மூக்கை நிமித்தி, ஒரு கையை இடுப்புல வெச்சி, பாடம் சொல்லிக் குடுத்த வெள்ளைக்கார இன்ஜினியர் துரையா அப்படியே மாறினாரு. "வெல்! மேலே இருக்குற கல்லு உள்ளே பலம் தூங்குது! கல்லு கீழே போனா பலம் முழிச்சுக்குது!"

எல்லாரும் சிரிச்சாங்க. சகாயம் தவிர.

"இப்போ கணக்கு. நூத்தம்பது பவுண்டு கல்லு, நூறு அடி எறங்குது. அந்த பலம் எங்க போவும், நாகேஷு?"

"காத்துலங்க?"

"உன் தலைல! பலம் அழியாது, கைமாறும். இந்தப் பக்கம் கல்லு எறங்கினா அந்தப் பக்கம் எதையோ தூக்கி விட்டிருக்கணும். துரை கணக்கு தப்பாது. அப்ப இவன் கல்லு எவனைத் தூக்குச்சு? எந்த சோம்பேறி அதுல சொகமா மேல வந்தான்? பேரைச் சொல்லுங்க, இப்பவே வெரட்டறேன்!"

எல்லார் கண்ணும் ராட்டினத்துப் பக்கம் போச்சு.

அங்க ராட்டினம் சுத்தற தங்கம்மா உக்காந்திருந்தா. வேலைக்கு வந்து ஒரு வருசம் ஆவுது, அவ குரல் எப்படின்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஏழு மாச வயித்தைப் புடிச்சிக்கினு மெதுவா எழுந்தா.

"கடைசி வாளி இழுக்கறது நானுங்க. இந்த வயித்தோட தம் கட்ட முடியல. வெளிய தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்னு சகாயம் அண்ணன் சொல்லாம நிக்குது."

மூச்சு வாங்கினா.

"எல்லாரும் ஏணிலதான் ஏறி வராங்க. கடைசி வாளில வர்றது நீங்க ஒருத்தர்தாங்க. நீங்க ஒண்ணும் இளைக்கலீங்க, மேஸ்திரி."